மிராசு இருந்த விரதம்

ஞானம்பாளுக்குக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. நிறுத்தத்தான் தெரியும். காபி வயிற்றைப் புண்ணாக்குகிறது என்று ஒரு டாக்டர் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து அவள் வீட்டில் காபி மணம் வந்ததில்லை. ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தம். அன்றோடு அண்ணன் வீட்டு வாசல் மிதிப்பதை விட்டாள். வேலையோ மின்வாரியத்தில், வருவாய்ப் பிரிவு மேற்பார்வையாளர். அந்த நாற்காலிக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள் என்று திருநெல்வேலி டவுனில் பேச்சு. கட்டணக் கெடு தாண்டினால் மறுநாள் காலையில் பீஸைப் பிடுங்க லைன்மேன் வீட்டு வாசலில் நிற்பார். "ஒரு நாள் பொறுக்கக் கூடாதாம்மா?" என்று யாராவது வந்து நின்றால், "நேத்து வரைக்கும் பொறுத்தாச்சே அண்ணாச்சி" என்பாள், தலையைத் தூக்காமலே. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'பீஸ்கட்டை அம்மா' என்று பேர்.

கெட்டவள் இல்லை. ஆபீசில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள், கடைசி ஆளாகத் திரும்புவாள். அவளுடைய கை எப்போதும் சுவிட்சின் மேலேயே இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மனுஷனும் மிருகமும் மின்சாரம் இல்லையே.

கணவர் நடராஜ் அவளுக்கு அத்தை மகன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர். இனிப்பென்றால் உயிர், அதிலும் முந்திரிக்கொத்து என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் உருண்டையாகி, மாவில் முங்கி, எண்ணெயில் பொரிகிற மணத்துக்கு அடுப்படி வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று சாயங்காலமே ஞானம்பாள் கருப்பட்டிப் பானையைத் தூக்கிப் பின் வளவில் குடியிருக்கும் முத்துராணியிடம் கொடுத்துவிட்டாள்.

"பைய விட்டுருதேன் ஞானம். ஒண்ணு ஒண்ணா விடுதேன்" என்று கெஞ்சினார் நடராஜ்.

"பையவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இன்னையோட சரி."

வீட்டுக்குள் அவர் கேப்பைக் கூழும் கீரையும் தின்றார். வீட்டுக்கு வெளியே என்ன தின்றார் என்பது சிறுநீரகம் கெட்ட பிறகுதான் தெரிந்தது. டவுனில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவர் சிநேகிதர். பல வருஷம் காலையும் மாலையும் ஞானம்பாளே இன்சுலின் ஊசி போட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில் அவர் போய்ச் சேர்ந்தார். போன பிறகும் அவள் சட்டத்தைத் தளர்த்தவில்லை. வருஷத் திதிக்குப் படையல் போட்டால் இலையில் இனிப்பு இருக்காது. "செத்துப் போனவங்களுக்கு என்னம்மா சுகர்?" என்று மகள் மதுமதி பெங்களூரிலிருந்து வந்து சண்டை போட்டுப் பார்த்தாள். "அவருக்கு ஆகாததை என் கையால வைக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டாள் தாய்.

அவர் விட்டுப்போன சொத்து ஒரு பூனை. கடைசி வருஷத்தில் சாப்பாட்டுப் பைக்குள் துண்டை விரித்து, அதில் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளையில் சாம்பல் திட்டுப் போட்ட கடுவன் குட்டி. "நம்ம வகையில நிலமெல்லாம் போயாச்சு. இனி இந்த வீட்டுக்கு மிராசு இவன்தான்" என்று சிரித்தார். மிராசு என்றே பேர் நின்றுவிட்டது. அவர் போன பிறகு ஞானம்பாளுக்கு வீட்டில் பேச்சுத்துணை அவன்தான். அவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கையெல்லாம் அவனிடம் திறந்துகொண்டது. காலையில் பால் சோறு. மத்தியானம் பருப்பும் நெய்யும். சாயங்காலம் அவள் ஆபீசிலிருந்து வந்ததும் கெட்டித் தயிர், கூடவே பொரித்த அப்பளம். சைவ வீட்டுப் பூனைக்கு வேறென்ன கிடைக்கும்? அவனும் பேருக்கேற்ற மிராசாகப் படுத்த இடத்திலிருந்தே ஊரை ஆண்டான்.

ஐப்பசி பிறந்திருந்த நேரம். ஜன்னல் திட்டில் ஏறி மழை பார்ப்பது மிராசுக்கு வழக்கம். அன்றைக்கு எம்பினான், முன்னங்கால் திட்டைத் தொட்டது, பின்னுடம்பு மேலே வரவில்லை. மல்லாக்கத் தரையில் விழுந்தான். விழுந்தவன் புரண்டு எழுந்திருக்கவே சிரமப்பட்டான். பார்த்துக்கொண்டிருந்த ஞானம்பாள் ஓடிவந்து தூக்கினாள். கடைசி நாட்களில் நடராஜ் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பட்ட பாடு அப்படியே கண்முன் நின்றது.

வண்ணார்பேட்டையில் கால்நடை டாக்டர் சாலோமி கிளினிக் வைத்திருந்தாள். மிராசை எடை போட்டதும் அவள் முகம் மாறியது.

"ஏழரைக் கிலோக்கா. அஞ்சு இருந்தாலே இவனுக்குத் தாராளம்." ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "சுகர் இன்னும் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது. இதே உடம்போட போனா உள்ள வந்துரும். அப்புறம் தினமும் ரெண்டு வேளை இன்சுலின் ஊசிதான்."

ஞானம்பாளுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. பிரிட்ஜ் கதவில் வரிசையாக நின்ற மருந்துக் குப்பிகளும், குத்திக் குத்தித் தடித்துப்போன நடராஜின் வயிற்றுத் தோலும்தான் நினைவில் வந்தன. இந்த வீட்டில் இன்னொரு உயிரைச் சர்க்கரைக்குக் கொடுக்க மாட்டேன் என்று அங்கேயே உள்ளுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

"என்ன செய்யணும் சொல்லுங்க டாக்டர். இன்னைக்கே செய்யுதேன்."

"பாலையும் சோத்தையும் விடணும். பூனை உடம்பு மாமிசத்துக்குன்னே ஆனது. கோழியோ மீனோ அளந்து..."

"எங்க வீட்டுக்குள்ள முட்டை கூட வந்தது கிடையாது."

"அப்ப கடையில விக்கிற பூனைத் தீவனம் வாங்குங்க."

"அதுல மட்டும் என்ன, கத்தரிக்காயா கிடக்கு?" என்று கூடையைத் தூக்கிவிட்டாள் ஞானம்பாள். அந்த நேரம் பார்த்து, வண்டியில் அடிபட்ட நாயொன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சாலோமி அங்கே பாய்ந்தாள். பாய்ந்தவள் திரும்பி, "அக்கா, நில்லுங்க, முக்கியமா ஒண்ணு சொல்லணும்" என்று கத்தினாள். மறுபடியும் கோழிக் கதைதான் என்று நினைத்து ஞானம்பாள் நடந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அன்றே மிராசின் சாப்பாடு பாதியானது. அவளுக்கு அது போதவில்லை. பாதி என்பது அவளுக்கு எப்போதுமே ஏமாற்று வேலை.

அதற்குள் கந்த சஷ்டி வந்துவிட்டது. வருஷா வருஷம் தவறாமல் விரதம் இருக்கிறவள். காலையில் தாமிரபரணியில் குளித்து, குறுக்குத்துறை முருகன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டாள். ஆற்றில் செங்காவித் தண்ணீர் படித்துறையை முட்டிக்கொண்டு ஓடியது. ஐயர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றை முடிகிற போது அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. ஆறு நாள் வயிற்றைக் காயப்போட்டால் மனுஷ உடம்பே லேசாகிறது. பூனை உடம்பு ஆகாதா? முருகனே வழிகாட்டிவிட்டான் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் மிராசின் நெற்றியில் திருநீற்றைப் பூசி, "ஏலே, இந்த சஷ்டிக்கு நீயும் விரதம்" என்றாள்.

பின்வாசலைப் பூட்டினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். முத்துராணியைக் கூப்பிட்டு, ஒரு பருக்கை கூட அவன் கண்ணில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பீடி சுற்றிக்கொண்டிருந்த முத்துராணிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்க்கா, வாயில்லாச் சீவன்." அவளும் மாலை போட்டுப் பச்சைச் சேலை கட்டி, திருச்செந்தூருக்கு நடக்கக் காத்திருந்தாள்.

"நீயும் நானும் இருக்கோம்லா, அவன் இருந்தா என்ன?" என்றாள் ஞானம்பாள்.

முதல் நாள் மிராசு வீட்டையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் கால் போன இடமெல்லாம் கத்திக்கொண்டே வந்தான். அடுப்படியில் காலித் தட்டைத் தள்ளித் தள்ளிச் சுவர் வரைக்கும் கொண்டுபோனான். மறுநாள் கத்தல் குறைந்து முனகலானது. அதற்கடுத்த நாள் சத்தமே இல்லை. கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தான். தண்ணீர் மட்டும் இருந்தது, நக்கினானா என்று தெரியவில்லை. ஞானம்பாள் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "பழகிட்டான். நம்மள விட இவனுக்கு வைராக்கியம்" என்று ஆபீசில் பெருமை வேறு அடித்தாள்.

நாலாம் நாள் காலை. ஆபீசுக்கு சஷ்டி லீவு போட்டிருந்தாள். பூஜைக்கு மஞ்சள் குழைத்துவிட்டு வந்தவளுக்கு அவன் கிடந்த கிடையைப் பார்த்ததும் கொஞ்சம் இரக்கம் வந்தது. முருகன் கோபிக்க மாட்டான், ஒரு வாய் வைப்போம் என்று பாலைக் காய்ச்சி, சோறு குழைத்து, தட்டில் வைத்து நீட்டினாள். மிராசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபமாக்கும் என்று சிரித்தாள். நெய்யை விட்டு மறுபடியும் நீட்டினாள். மணம் மூக்கில் பட்டதும் அவன் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது, ஆனால் தலையை இன்னும் தூரத் தள்ளிக்கொண்டான். நெய்யை வேண்டாம் என்கிற மிராசை அவள் கண்டதில்லை.

தூக்கி மடியில் போட்டாள். காதுக்குள் மஞ்சளாக இருந்தது. கையில் ஒட்டியிருந்த மஞ்சள்தான் பட்டுவிட்டதென்று சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. ஈரத்துணி கொண்டு அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது, காது மஞ்சளாகவே இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறும் மஞ்சள்.

"முத்துராணி!" என்று அவள் போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டது.

வந்து பார்த்த முத்துராணி கன்னத்தில் கைவைத்தாள். "மஞ்சக்காமாலைல்லாக்கா இது! இருங்க, கீழாநெல்லி பிடுங்கியாரேன். அரைச்சு மோர்ல ஊத்துனா சட்டுன்னு கேக்கும்." சொன்னவள் பின்பக்கம் ஓடியே விட்டாள்.

சரியென்று ஞானம்பாளுக்கும் ஒரு நொடி தோன்றியது. பிறகு என்னவோ பயம் பிடித்து, டாக்டருக்குப் போன் போட்டாள். மஞ்சளைப் பற்றிச் சொன்னதும் சாலோமி கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

ஞானம்பாள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"அக்கா, கேக்குதா? எப்ப சாப்பிட்டான்?"

"காப்புக் கட்டுனதுக்கு முந்தின நாள்."

சாலோமியின் குரல் மாறியது. "வாயில எதையும் ஊத்தாதீங்க. இப்பவே தூக்கிட்டு வாங்க."

முத்துராணியின் கணவன் பேச்சிராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஜங்ஷன் வரைக்கும் பறந்துவிட்டான், ஆற்றுப் பாலத்தில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் பின்னாலும் பஸ்கள். ஹாரன் மேல் ஹாரன் அடித்தான். "கொஞ்சம் ஒதுங்கும் வே, உசிரு போகுது!" என்று மழைக்குள் தலையை நீட்டிக் கத்தினான். ஞானம்பாள் கூடைக்குள் கையை விட்டு மிராசின் மூக்குக்கு நேரே விரலை வைத்திருந்தாள். மூச்சு வந்தது, நின்றது, வந்தது. விரதமிருந்த நாலு நாளும் முருகா முருகா என்றிருந்த வாய்க்கு இப்போது அந்தப் பேர் வரக் கூசியது.

கிளினிக்கில் சாலோமி முதலில் கையால் பேசினாள். முன்னங்காலில் மயிரை மழித்து ஊசியேற்றி டிரிப் போட்டாள். வாந்தி உணர்வை அடக்க ஒரு மருந்து போட்டாள். அது ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் திரும்பினாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டது இதுக்குத்தான்க்கா. ஒரேயடியா நிறுத்திராதீங்கன்னு சொல்லத்தான் கத்துனேன். கொழுத்த பூனையைப் பட்டினி போடவே கூடாது. வயித்துக்கு ஒண்ணும் வரலன்னா, உடம்புல உள்ள கொழுப்பு மொத்தமும் கரைஞ்சு கல்லீரலுக்கு வந்து அடைச்சிக்கிடும். அது அடைச்சா பசியே செத்துரும். அதுக்குமேல நெய்யைக் காட்டுனாலும் வாந்திதான் வரும். ஆளு தானா பட்டினி கிடந்து சாவான்."

"பொழைப்பானா?"

"பாதிக்குப் பாதி. மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது."

சாலோமி ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து ஞானம்பாள் கையில் கொடுத்தாள். "வயித்துக்குள்ள சாப்பாடு போயே ஆகணும். மூணு மணிக்கு ஒருக்கா, கன்னத்து ஓரமா, சொட்டுச் சொட்டா. அவன் முழுங்குன பிறகுதான் அடுத்தது. பைய கொடுக்கணும். அவசரப்பட்டு அழுத்துனா மூச்சுக்குழல்ல போயிரும், அதுக்கப்புறம் என்கிட்ட கொண்டு வந்தும் பிரயோசனமில்லை. அவனா என்னைக்கு வாய் வச்சுத் திங்கானோ, அன்னைக்குத்தான் நம்பலாம்."

"இங்கேயே வச்சுப் பார்க்கக் கூடாதா டாக்டர்?"

"பொழுது அடைஞ்சா இங்க ஆள் கிடையாது. காலையில டிரிப்புக்குக் கொண்டாங்க. மத்தபடி உங்க கைதான்."

"என்ன கொடுக்கணும்?" என்று கேட்கிற போதே அவளுக்குப் பதில் தெரியும்.

"கோழி. உப்பு, மஞ்சள், உள்ளி எதுவும் போடாம வெறுமனே அவிச்சு, அந்தத் தண்ணியோட மையா அரைச்சு."

சஷ்டி நடுவில், கையில் காப்போடு, சைவ வீட்டு அடுப்பில் கோழி. ஞானம்பாள் பருப்புத் தண்ணி ஆகாதா, பால் ஆகாதா என்று இரண்டு தரம் கேட்டாள். சாலோமி தலையைத்தான் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது அவளுக்கு முத்துராணி மேல்தான் நம்பிக்கை. மீனும் கறியும் புழங்குகிற வீடு, அவித்து அரைத்துக் கொடுத்துவிட்டால் போதும். விஷயத்தைச் சொன்னதும் முத்துராணி இரண்டடி பின்னால் போனாள். "என்னக்கா சொல்லுதிய! மாலை போட்டிருக்கேன்லா? கவுச்சி என் வாசலுக்குள்ள வரக்கூடாது. நீங்க வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்." மாதத்தில் முக்கால்வாசி நாள் சாளை மீன் மணக்கிற வீடு அது. அன்றைக்கென்று அதுதான் வளவிலேயே சுத்தமான வீடு. பேச்சிராஜ் மட்டும் போய்க் கோழி வாங்கி வந்தான், அதையும் பெண்டாட்டி வீட்டுக்குள் விடவில்லை. அவன் பையை ஞானம்பாள் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு, "நானும் நாலு நாளா நாக்கு செத்துக் கிடக்கேன், பூனைக்கு வந்த யோகத்தப் பாருங்க" என்று முனகிக்கொண்டே போனான்.

ஞானம்பாள் பூஜை அறை வாசலில் போய் நின்றாள். படத்தில் வேலும் மயிலும் சேவல் கொடியுமாக முருகன்.

"உன் கொடியில இருக்கதுதான் இன்னைக்கு என் அடுப்புல வேகப்போகுது. நான் செஞ்ச தப்புக்கு அவன் சாகக்கூடாது. கோவம்னா என் மேல காட்டு." கதவைச் சாத்தினாள். காப்பை அறுத்துவிடலாமா என்று கயிற்றைப் பிடித்தாள். அறுக்க மனம் வரவில்லை. கறியில் படாதபடி முடிந்த மட்டும் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். ஒன்று இருக்கணும், இல்லை அறுக்கணும் என்றே வாழ்ந்தவள் முதல் தரமாக நடுவில் ஒரு காரியம் செய்தாள்.

தண்ணீர் கொதித்து வாடை எழும்பியதும் காலி வயிறு புரட்டியது. கொல்லைக்கு ஓடி வெறும் பித்தத்தை வாந்தி எடுத்துவிட்டு வந்து, மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நின்றாள். தேங்காய்ச் சட்னி அரைக்கிற மிக்சி ஜார் ஒன்றுதான் இருந்தது. அதில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் திருகினாள்.

மிராசைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, கன்னத்து ஓரம் சிரிஞ்சை நுழைத்தாள். ஊசி போட்டுப் பழகிய கைதான். ஆனால் நாலு நாள் பட்டினி கிடந்த கை. நடுங்கியது. நடுக்கத்தில் விரல் அமுங்கிவிட்டது. மொத்தமாக உள்ளே போனது. மிராசு துள்ளினான், இருமினான், கண் பிதுங்கியது. இரண்டாவது இருமலுக்குப் பிறகு சத்தமில்லை. ஞானம்பாள் அவனைத் தலைகீழாகச் சரித்து முதுகில் தட்டினாள். "ஏலே மிராசு, ஏலே, ஏலே..." தரையில் கொஞ்சம் கூழ் தெறித்தது. அவன் மூச்சை இழுத்தான்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையோடு இன்னொரு தரம் கொடுத்தால் கொன்றுவிடுவோம் என்று தெளிவாகத் தெரிந்தது. காலையில் அவனுக்கென்று குழைத்த பால் சோறு பாத்திரத்தில் மீதி இருந்தது. எழுந்துபோய் அதை எடுத்து, நின்றபடியே வாரி வாரித் தின்றாள். கண்ணீரும் சேர்ந்துதான் உள்ளே போனது. இத்தனை வருஷத்தில் அவள் சஷ்டி விரதத்தை முறித்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. மறுபடியும் துண்டு, மறுபடியும் மடி. ஒரு சொட்டு. பொறுத்தாள். தொண்டை அசைந்தது. இன்னொரு சொட்டு. "பைய, பைய" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு சிரிஞ்சு காலியாவதற்குள் வெளியே மழை விட்டு மறுபடி பிடித்துவிட்டது.

அடுத்து வந்த பொழுதெல்லாம் இப்படியே போயிற்று. காலையில் டிரிப், மற்ற நேரமெல்லாம் சிரிஞ்சு. ஒரு வேளை உள்ளே நின்றது, ஒரு வேளை வாந்தியாக வந்தது. காது மஞ்சள் கூடுகிறதா குறைகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். சூரசம்ஹாரத்தன்று தெருவே திருச்செந்தூருக்குக் கிளம்பிப் போனது. முத்துராணி முந்தின நாளே நடக்கத் தொடங்கியிருந்தாள். எதிர்வீட்டு டிவியில் கடற்கரைக் கூட்டம் அரோகரா போட்டபோது ஞானம்பாள் கோழிக் கூழ் வழிந்த சேலையோடு தரையில் உட்கார்ந்து, தொண்டை அசைவதற்காகக் காத்திருந்தாள். அன்றைக்கு மிராசு கண்ணையே திறக்கவில்லை. போய்விடுவான் என்றே முடிவு பண்ணிவிட்டாள்.

மறுநாள் காலை அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. இப்போது வாடை அவளைப் புரட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் என்னவோ உரசியது. திரும்பினாள். மிராசு சுவரோடு சுவராக ஒட்டி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, அடுப்படி வாசலில் வந்து நின்றான். மூக்கு அசைந்தது.

அவள் மூச்சுக்கூட விடவில்லை. வெந்த கறியில் ஒரு நாரைக் கிள்ளி, ஊதி ஆறவைத்து, தரையில் வைத்தாள். அவன் மோந்தான். நக்கினான். விலகிப் போனான். அவளுக்கு உயிரே போனது. திரும்பி வந்தான். கவ்வினான். மென்றான்.

"முருகா" என்றாள் ஞானம்பாள். அந்தப் பேர் அன்றைக்குத்தான் மறுபடி வாயில் வந்தது. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அடுத்த நாரைக் கிள்ளினாள்.

மஞ்சள் முழுக்க இறங்க ஒரு மாசம் போல ஆனது. அதற்குப் பிறகுதான் சாலோமி எடை குறைக்கிற பேச்சையே எடுத்தாள். "இனிக் குறைக்கலாம். மாசத்துக்குக் கால் கிலோ, அவ்வளவுதான். அதுக்கு மேல குறைஞ்சுதுன்னா சந்தோஷப்படாதீங்க, எனக்குப் போன் போடுங்க." இந்தத் தரம் ஞானம்பாள் கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாள். கேட்டதைத் திருப்பி ஒரு தரம் சொல்லியும் காட்டினாள்.

பின் வளவில் ஒரு தனி அடுப்பு வந்தது, தனி மிக்சி வந்தது. பால் சோற்றை மறக்க வைப்பதும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரு பிடி சோறு குறைந்தால் ஒரு பிடி கறி கூடியது, அப்படியே மாறியது. சாப்பாட்டை ஒரே தட்டில் வைக்காமல் ஒரு வாய் மாடிப்படியில், ஒரு வாய் கட்டிலுக்கப்புறம் என்று வைத்தாள். மிராசு முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்கினான். சாயங்காலம் இந்த மேற்பார்வையாளர் அம்மா நூல்கண்டைக் கட்டி வீடு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவதை முத்துராணி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். சொந்தக்காரப் பெண்ணொருத்தி வந்து, "சைவ வீட்டுல கோழி வேகுதாமே?" என்று இழுத்தாள். "வேகுது. வாடை உங்க வீடு வரைக்குமா வருது?" என்று கேட்டாள் ஞானம்பாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பங்குனியில் நடராஜின் திதி வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மிராசின் ரத்தத்தைப் பார்த்த சாலோமி, வாசலில் நின்ற சர்க்கரை தெருமுனை வரைக்கும் போய்விட்டது என்று சொல்லியிருந்தாள். உடம்பிலும் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். இறங்கட்டும், அவசரமில்லை.

பெங்களூரிலிருந்து வந்து குளித்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்த மதுமதி அப்படியே நின்றாள். அம்மா பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உடைத்த கருப்பட்டி, துருவிய தேங்காய்.

"என்னம்மா இது? முந்திரிக்கொத்தா? யாருக்கு?"

ஞானம்பாள் பயற்றைக் கருகவிடாமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறும் கறிகளும் வைத்த பிறகு, இலை ஓரத்தில் ஒரு முந்திரிக்கொத்து வைத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் வைத்தாள். அந்த நேரத்தில் மேலே என்னவோ தட்டிய சத்தம். ஜன்னல் திட்டில் மிராசு உட்கார்ந்திருந்தான். தரையிலிருந்து ஒரே எம்பு. ஒன்றுமே நடக்காதது போல முன்னங்காலை நக்கிவிட்டு, இலையைப் பார்த்தான்.

"ஏலே, உனக்கில்ல அது" என்றாள்.

சூடம் காட்டி விழுந்து கும்பிட்டாள். எழுந்து, படத்தின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், மகளுக்குக் கேட்காது என்கிற நினைப்பில் மெல்லப் பேசினாள். மதுமதிக்குக் கேட்டது.

"தின்னுங்க அத்தான். ஒண்ணு ஒண்ணா, பைய தின்னுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."